தட்டாத கதவு

ஃபிளோரா டீச்சர் வீட்டில் கதவுகள் நான்கு. ஒரே பலா மரம், ஒரே பட்டறை, ஒரே மிஷின். ஆனி பிறந்து மேற்கே இருந்து காற்றுக் கிளம்பியதும் மூன்று கதவுகள் தட்ட ஆரம்பித்தன. நாலாவது கதவு மட்டும் எனக்கென்ன என்று நின்றது.

செய்தி போனில் வந்தபோது, அந்தக் கதவுகளைச் செய்த டார்லின் பேட்டையில் தன் பட்டறையில், மரத்தூள் படிந்த தலையோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று கதவு தட்டுகிறது என்று கேட்டதும் அவளுக்கு முகம் செத்துவிட்டது. நாலாவது தட்டவில்லை என்று கேட்டதும் செத்த முகத்துக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. அது ஏன் தட்டவில்லை என்று கேட்டாள். தட்டுகிற கதவைப் பற்றிப் புகார் சொன்னால் தட்டாத கதவைப் பற்றி விசாரிக்கிற ஒருத்தியை டீச்சர் அதுவரை சந்தித்ததில்லை.

டார்லின் அப்படித்தான். மிக்ஸி ஏன் நின்றது என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு; இவள் அது நேற்று வரை ஏன் ஓடியது என்று கவலைப்படுகிறவள். பாளையங்கோட்டைக்காரி. டிப்ளமோ முடித்து, பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, பக்கத்து ஷெட்டை வாடகைக்குப் பிடித்து மரத்துக்கு மாறியவள். ரம்பம் மிஷின், இழைப்பு மிஷின் எல்லாம் வாங்கிப்போட்ட பிறகு, கடைசியாக ஒரு ரூட்டர் மிஷின் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பேனல் கதவுப் பைத்தியம் பிடித்தது.

பேனல் என்றால் கதவுச் சட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பலகை. நடு மேடாக இருக்கும். நாலு ஓரமும் சரிந்து மெலிந்து, சட்டத்தில் பள்ளமாக வெட்டிய காடிக்குள் நுழைந்து நிற்கும். அந்தச் சரிவை ரூட்டர்தான் வெட்டித்தரும். மேசைக்கு மேலே தலை நீட்டிச் சுழலும் பிட்டை நோக்கிப் பலகையைப் பையத் தள்ள வேண்டும். ஒரே தள்ளில் முழு ஆழமும் வெட்ட ஆசைப்பட்டால் மரம் கருகும், முனை பிய்ந்து பறக்கும். முதலில் நார் குறுக்கே ஓடும் இரண்டு முனைகள், அப்புறம் நீளப்பக்கங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பேச்சில் அவசரக்காரியான டார்லின் இந்த மேசை முன்னால் மட்டும் பொறுமையின் மறு உருவமாக நிற்பாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வீடியோக்காரர்கள் மில்லிமீட்டரில் பேசுவார்கள். பட்டறையில் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே எல்லாம் நூல் கணக்குதான். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நூல்.

அப்படி அவள் செய்த முதல் பேனல் கதவுகள் டீச்சர் வீட்டுக் கதவுகள். யாராவது பட்டறைக்கு வந்து வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று டீச்சர் வீட்டுக்குத்தான் அனுப்புவாள். டீச்சரும் சலிக்காமல் திறந்து மூடிக் காட்டுவார்.

அந்த டீச்சருக்குத்தான் இப்போது பிரச்சினை. ஃபிளோரா டீச்சர் கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து, பதிவுசெய்து போனில் அனுப்புகிறவர். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பாடம் போக வேண்டும். ஆனால் மாடி வீடு. காற்று நேராக வந்து மோதுகிறது. அவர் புவியியலை ஆரம்பித்தால் பின்னால் டக், டக் என்று கதவுப் பேனல்கள் சட்டத்துக்குள் ஆடித் தட்டுகின்றன. அனுப்பின முதல் பாடத்தைக் கேட்டுவிட்டு ஜாய்சி என்ற பிள்ளை பதில் அனுப்பியிருந்தாள். டீச்சர் அதை டார்லினுக்குப் போட்டுக் காட்டினார்: "டீச்சர், உங்க வீட்டுக் கதவ யாரோ ரொம்ப நேரமா தட்டுதாங்க. பாவம், தொறந்து விடுங்களேன்."

டீச்சர் நல்ல மனுஷி. ஆனாலும் முடிவாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமைக்குள் சத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நாலு கதவையும் கழற்றி எடுத்துப் போய்விட வேண்டியது. அவர் வழவழப்பாக ப்ளைவுட் கதவு மாட்டிக்கொள்வார். கழற்றின கதவைப் பார்க்க டார்லின் யாரை அனுப்ப முடியும்?

மறுநாள் காலையில் டார்லின் மாடி ஏறி நாலு கதவையும் விசாரித்தாள். விரல் கணுவால் தட்டினாள். மூன்று பேனல்கள் டக்கென்று ஆடின. நாலாவது தும் என்று அடங்கியது. ஒருவேளை நாலாவது கதவு இருக்கிற மூலைக்குக் காற்று வராமல் இருக்கலாம் என்று கீல் திருகுகளைக் கழற்றி, அதை மேற்குப் பக்கத்துக்கு மாற்றி மாட்டினாள். காற்று அதன்மேல் முழு மூச்சாக மோதியது. கதவு மூச்சுவிடவில்லை. அதனிடத்துக்குப் போன மற்ற கதவு அங்கேயும் போய்த் தட்டியது.

அப்படியானால் அந்த ஒரு பேனல் மட்டும் காடிக்குள் ஒட்டியிருக்க வேண்டும். பேனலைப் பசை போட்டு ஒட்டக் கூடாது என்பது முதல் பாடம். மழைக்காலத்தில் பலகை ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காமல் ஒட்டினால் நடுவில் பிளந்துகொள்ளும். யாரோ கை தவறிப் பசையை வழியவிட்டிருக்கலாம். டார்லின் முட்டி போட்டு ஓரங்களைப் பார்த்தாள். பெயின்டர் ஒருவர் சுவருக்கு அடிக்கும்போது நாலு கதவிலும் பேனலின்மேல், சட்டத்தை ஒட்டி லேசாகச் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டிருந்தார். அன்றைக்குச் சட்டத்தை ஒட்டியிருந்த கோடு இப்போது மூன்று கதவிலும் மயிரிழை தள்ளி வெளியே வந்திருந்தது. பலகை சுருங்கினதற்கு அதுவே சாட்சி. நாலாவது கதவிலும் கோடு அதேபோல வெளியே வந்திருந்தது.

டார்லின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டியிருந்தால் கோடு நகர்ந்திருக்காது, நகர்ந்திருக்கிறது. நகர்ந்திருந்தால் பேனல் தட்ட வேண்டும், தட்டவில்லை. டீச்சர் காப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டும் வரை அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கவலையிலும் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெரியாத ஒன்று கையில் சிக்கினால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பட்டறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னாள். கேட்க இருந்தவர்கள் இரண்டு பேர். கொம்பையா அண்ணாச்சி பழைய ஆசாரி. எந்தக் கேள்வியும் அவரிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. தட்டுகிற மூன்றிலும் பின்பக்கமாக ஆணி இறக்கினால் கதை முடிந்தது என்றார். ஐப்பசி மழைக்கு மூன்றும் பிளக்கும் என்று டார்லின் சொன்னதும், பிளக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போய்விட்டார். இன்னொருவர் தொம்மை. கடற்கரை ஊரில் படகு கட்டுகிற இடத்தில் இருந்தவர். மனைவி அமலோற்பவத்துக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைக்க, குடும்பத்தோடு இங்கே வந்து போன வருஷம்தான் பட்டறையில் சேர்ந்தார். டார்லினை விட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். வந்த புதிதில் தொம்மை ஓயாமல் கேள்வி கேட்பார். இது எதுக்கு, அது ஏன், இதைத் திருப்பிப் போட்டால் என்ன. சில மாதமாக ஒரு கேள்வியும் கிடையாது. சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுச் செய்துவிடுவார். தொழில் படிந்துவிட்டது என்று டார்லின் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் தொம்மை தலையாட்டிக் கேட்டபடி இழைப்பு மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தக் கதவை வெட்டிப் பார்க்காமல் தனக்குத் தூக்கம் வராது என்று டார்லின் சொன்னாள். காரணம் தெரிந்தால் அதையே மற்ற மூன்றுக்கும் செய்துவிடலாம். டீச்சரிடம் அனுமதி கேட்டபோது அவர் பதறிப்போனார். "அது ஒண்ணுதான் மரியாதையா நிக்கி. அதையும் பொளந்துட்டு வந்து நிப்பியளா?" என்றார். டார்லின் அரை மணி நேரம் கெஞ்சினாள். கடைசியில் டீச்சர் ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். வெட்டின பிறகும் காரணம் தெரியவில்லை என்றால் மற்ற மூன்றையும் எடுக்க சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வண்டி அனுப்பிவிட வேண்டும்.

கதவு குட்டியானை வண்டியில் பேட்டைக்கு வந்து இறங்கியது. இரண்டு முக்காலிகள்மேல் படுக்கவைத்தார்கள். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் டார்லினுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. பலாவின் மஞ்சள் பழுத்துத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. சரிவுகள் நாலும் மூலையில் சந்திக்கிற இடத்தில் கோடு கத்தி வைத்துக் கீறினதுபோல் இருந்தது. இதை வெட்டப்போகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

தொம்மை அன்றைக்கு அதிசயமாக வாயைத் திறந்தார். வெட்ட வேண்டாம், புதிதாக நாலு கதவு செய்து கொடுத்துவிடலாம், தான் ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை செய்வதாகச் சொன்னார். பூசைக்குப் போகாமலா என்று கொம்பையா அண்ணாச்சி கேட்டார். காலைப் பூசை முடிந்து வருவேன் என்றார் தொம்மை. பிறகு இந்தக் கதவைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இத்தனை பெரிய கதவை வாடகை வீட்டில் எங்கே மாட்டுவார் என்று டார்லினுக்குச் சிரிப்பு வந்தது. தன் வேலைமேல் அவருக்கு இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்தும் போனாள். கைரம்பம் மிஷினை எடுத்து, காடியின் ஆழத்துக்கு மேல் போகாதபடி வட்டின் உயரத்தைப் பூட்டி, சட்டத்தின்மேல் பென்சில் கோட்டில் வைத்தாள். பொத்தானை அமுக்கினாள். வட்டு அலறிக்கொண்டு சுழன்றது.

மரத்தில் பல் படுகிற நேரத்தில் அலறல் இறங்கி இறங்கி நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நிமிர்ந்து பார்த்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் தொம்மை பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வெட்டாதிய அக்கா. உள்ள நூல் கெடக்கு."

"தெரியும்ணே. ஒரு நூல் எடம் விட்டுத்தான மாட்டிருக்கு. எடம் இருந்தும் ஏன் தட்டலன்னுதான் பாக்கப் போறேன்."

"எடம் இல்லக்கா," என்றார் தொம்மை. அவர் பார்வை பிளக்கைவிட்டு மேலே வரவில்லை. "நூலு. பருத்தி நூலு."

டார்லினுக்கு விளங்க நேரம் பிடித்தது. நூல் விடுவதற்குத் தமிழில் இருக்கிற அர்த்தங்கள் போதாதென்று தொம்மை புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். நடந்தது இதுதான். முதல் கதவை, அதாவது இந்தத் தட்டாத கதவை, பூட்டுகிற அன்றைக்கு டார்லின் வேறு மரம் பார்க்க ஆழ்வார்குறிச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கொம்பையா அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பேனல்கள் வெட்டி, பாலிஷ் போட்டு, மாட்டுவதற்குத் தயாராக இருந்தன. போகிற போக்கில், காடிக்கு நாலு பக்கமும் ஒரு நூல் விட்டு மாட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டாள். அளவெடுப்பது அதுவரை அண்ணாச்சி வேலையாக இருந்ததால் தொம்மை அதில் ஒரு சந்தேகமும் படவில்லை. படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பருத்தி நூலை முறுக்கித் திணிக்காமல் யாராவது விடுவார்களா? கடற்கரையில் அதற்குக் கலப்பத்து என்று பேர். கதவுக்கும் கலப்பத்து போடுவார்கள்போல என்று சந்தோஷப்பட்டு, கடைத்தெருவுக்குப் போய்ப் பருத்தி நூல் வாங்கிவந்து, முறுக்கி, காடி நெடுக விட்டு, அதன்மேல் பேனலை இறக்கிப் பூட்டிவிட்டார்.

"எண்ணெயும் குங்கிலியமும் சேத்துப் போடுவோம் படகுக்கு," என்றார் தொம்மை. "இது தண்ணியில எறங்காத கதவுதானன்னு அத விட்டுட்டேன்."

தப்பு மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது. டார்லின் ஒரு பலகையைக் காட்டி, இதில் அரை நூல் இழைத்துவிடுங்கள் என்று கொம்பையா அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறாள். நூலை எப்படிப் பாதியாக இழைப்பது என்று தொம்மை வாய் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி அளவுகோலை எடுத்துக் கோடு எண்ணியிருக்கிறார். தொம்மைக்கு உடம்பு வேர்த்துவிட்டது. அதற்குள் முதல் கதவின் சட்டம் பசை காய்ந்து நின்றது. மற்ற மூன்றையும் டார்லின் பக்கத்தில் நிற்க, எல்லாரையும்போல வெறும் இடம் விட்டு மாட்டினார்.

டார்லின் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், முக்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கொம்பையா அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார். தொம்மை சிரிக்கவில்லை. பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

"எங்க கெளம்புதிய?"

"இதுக்குத்தான் சொல்லல." தொம்மை பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "வந்த புதுசுல மிஷினோட முன்பக்கத்த அணியம்னுட்டேன். எங்க ஊர்ல படகோட முன்பக்கம் அதான். ஒரு வாரம் சிரிச்சிய ரெண்டு பேரும். டீ வந்தா டீக்கு அணியம் எங்கன இருக்குன்னு கேட்டிய. அப்பவே நெனச்சேன், இனிமே இங்கன எதுவும் கேக்கக் கூடாதுன்னு."

டார்லினுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த அணியம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. உலகத்தில் எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிறவள், ஒரு மனுஷன் கேட்பதை நிறுத்திவிட்டாரே, ஏன் என்று கேட்டிருக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தொழில் படிந்துவிட்டதாம்.

"தப்புத்தான்ணே," என்றாள். "சட்டையக் கழட்டுங்க. அந்த நூல எனக்குக் காட்டாமப் போயிராதிய. எனக்கு மண்டை வெடிச்சிரும்."

மன்னிப்புக் கேட்கும்போதுகூட அவளுக்கு அந்த நூலைப் பார்த்தாக வேண்டும். தொம்மைக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குண்டூசியை வளைத்து, பேனலின் கீழ் மூலையில், சரிவும் சட்டமும் சந்திக்கிற இடுக்கில் விட்டுச் சுண்டினார். இழுத்த இழுப்பில் அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல் முனை தலை நீட்டியது. டார்லின் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழும்பியது. பலகை ஊதும்போது இடம் கொடுக்கிறது. சுருங்கும்போது கூடவே எழும்பி இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒட்டவும் இல்லை, ஆடவிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் டீச்சர் வீட்டு மாடி ஏறி, நாலாவது கதவைத் திரும்ப மாட்டினார்கள். தட்டுகிற கதவுகளைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. தொம்மை வீட்டுப் பெட்டியில் கிடந்த தன் பழைய கலப்பத்து உளியைக் கொண்டுவந்திருந்தார். மழுங்கின வாய், மெல்லிய தகடு. நூலைப் பாலிஷ் நிறத்தில் தோய்த்துக் காயவைத்து, தளர முறுக்கி, சுருங்கின இடுக்குகளில் அந்த உளியால் பைய உள்ளே தள்ளிக்கொண்டே போனார். டார்லின் பக்கத்தில் குத்தவைத்து, எவ்வளவு முறுக்கு, ஏன் இவ்வளவு, இன்னும் இறுக்கினால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரொம்ப இறுக்கினால் நூலும் மரமாகிவிடும், அப்புறம் பேனலைப் பிளக்கும் என்றார் தொம்மை. மேற்கு ஜன்னலைத் திறந்துவிட்டு டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காற்று வந்து நாலு கதவையும் நெட்டித் தள்ளியது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றாமலேயே, வெளியே போங்கள் என்று மூன்று பேருக்கும் சைகை காட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை டீச்சரிடமிருந்து டார்லினுக்கு ஜாய்சியின் குரல் வந்தது. "டீச்சர், அவங்களுக்குக் கதவத் தொறந்துட்டியளா? நல்லவேளை."

டார்லின் அதைப் பட்டறையில் சத்தமாகப் போட்டுக் காட்டினாள். அப்புறம் வேலை நெருக்கியது. டீச்சர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒருவருக்கு அலமாரிக் கதவுகள் செய்ய வேண்டியிருந்தது. அவள் பேனல்களுக்கு ஓரம் சரித்து முடித்து, மரத்தூளைத் தட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, காடிக்கு ஒரு நூல் விட்டு மாட்டிவிடுங்கள் என்று தொம்மையிடம் சொன்னாள். பழக்கதோஷம். சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுக்கத் திரும்பினாள்.

பின்னால் சத்தமே இல்லை. வழக்கமாக இந்நேரம் தலையாட்டிவிட்டுச் சுத்தியலை எடுத்திருப்பார். டார்லின் திரும்பிப் பார்த்தாள். தொம்மை ஒரு கையில் அளவுகோலும் இன்னொரு கையில் நூல்கண்டுமாக நின்றுகொண்டிருந்தார்.

"எந்த நூலுக்கா?"

கொம்பையா அண்ணாச்சி வாயைத் திறந்தார். டார்லின் அவரை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"ரெண்டுந்தான்," என்றாள். "வேற என்ன கேக்கணும்ணே? கேளுங்க."

தொம்மை அளவுகோலையும் நூல்கண்டையும் மேசைமேல் வைத்தார். ரூட்டர் மிஷினைக் காட்டி, பல மாதமாக நெஞ்சுக்குள் கிடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.